உப்பளத்து எலி

"எலி மறுபடியும் உள்ள வந்திருக்குடா" என்றார் ஹபீப் முஹம்மது. கையில் பாதி கடிபட்ட பன். முகத்தில் ஏகக் கோபம்.

மகன் ஷஃபி அப்படியே கேரவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கடைசி ஓட்டையை நேற்று சாயங்காலம்தான் அடைத்திருந்தான். சோதனைக்காக உள்ளே ஒரு பன்னையும் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தான்.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சிங்க், அவ்வளவுதான். குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதை ஷஃபி வாங்கி, மரக்காணத்தில் வீட்டுக்குப் பின்னால், உப்பளத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தான். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம்.

மழையில் உப்பளம் முழுகியதும் வரப்பில் குடியிருந்த எலிகள் மேட்டைத் தேடிக் கிளம்பின. உப்புக்காற்று வண்டியின் ரப்பரையெல்லாம் ஏற்கெனவே தின்று வைத்திருந்தது. எலிகளுக்குக் கேட்க வேண்டுமா?

"எலி வண்டிய என் தலையில கட்டிட்டுப் போவாதே. வர்றவன் கேட்டா நானா பதில் சொல்றது? ஒழுங்கா அடைச்சுக் குடுத்துட்டு அப்புறம் ஃப்ளைட் ஏறு" என்று எலி வந்த முதல் நாளே ஹபீப் சொல்லிவிட்டார். அத்தா பேச்சை மீறிப் பழக்கமில்லாத ஷஃபி ரெண்டு தடவை டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் விசா கேன்சல் என்று, சவூதியில் அவன் வேலைக்குப் போகவேண்டிய தம்மாமிலிருந்து முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு வியாழக்கிழமை அத்தா. ராத்திரி ஃப்ளைட்டு" என்றான் ஷஃபி.

"தெரியும்டா. ஆம்பளப் புள்ள எத்தினி நாள் வீட்டையே சுத்திக்கினு இருப்பே? நான் போவல? இருவது வருஷம் அங்கதான் கெடந்தேன். உன் சுன்னத்தையே போட்டோலதான் பாத்தேன். செத்தா போய்ட்டேன்?"

ஷஃபி எழுந்து உள்ளே போய் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்தான். குழாய் போகிற ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து, மேலே சிலிக்கான் பூசியிருந்தான். நார் முழுசாக வெளியே கிடந்தது.

"எலி கம்பி நாரைக் கடிக்காதுன்னாங்களே அத்தா?"

"உப்பளத்து எலிடா. உப்பையே தின்னு வளந்தது. அதுக்குக் கம்பி ஒரு கேடா?"

"பன்னுல கடி இவ்ளோ பெருசா இருக்குது?"

"பட்டினி கெடந்திருக்கும், பாவம்."

ஷஃபி பழையபடி எல்லாவற்றையும் அடைத்தான். கேஸ் டியூப் ஓட்டை, சக்கரத்துக்கு மேலே இருந்த பிளவு, கதவுக்கு அடியில் விட்டுப்போன இடம் எதையும் விடவில்லை. ஹபீப் வழக்கம்போல ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

சாப்பிட வீட்டுக்குள் போனவன் சமையலறையைப் பார்த்து நின்றான். பாத்திரங்கள் பளபளவென்று மின்னின. மனைவி ஆஸிஃபா கையில் புத்தம்புது கம்பி நார் இருந்தது.

"ஆஸிஃபா, உண்மையச் சொல்லு. வண்டியில நாரைப் புடுங்குறது நீதானே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க போறது எனக்குப் புடிக்கலதான். நெஞ்சு வலிக்குதுதான். அதுக்காக எலி வேலையா பாப்பேன்? இந்த நார் கடையில வாங்கினது. வேணும்னா போய்க் கேளுங்க."

"அழுவாதே. இன்னிக்குப் புடிக்கிறேன் பாரு, எந்த எலின்னு" என்றான் ஷஃபி.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹபீப் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "தொழுதுட்டு வர்றேன்" என்று தெருவில் இறங்கினார். ஷஃபியின் அம்மா மெஹரூன்னிசா கூடத்தில் உட்கார்ந்து, மகன் பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்தை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திறந்தால் என்ன வருமென்று அவருக்கே தெரியும்.

"கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு ஷஃபி வெளியே போனான். போனவன் வேலியைச் சுற்றி வந்து, கருவேல மரத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். கொசு கடித்தது. பொறுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் சத்தம் கேட்டது. சிலிக்கானை யாரோ கத்தியால் சுரண்டுகிற சத்தம். நடுவில் ஒரு தும்மல்.

எலி தும்முமா? ஷஃபி ஓடிப்போய்க் கதவைப் படாரென்று திறந்தான். உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தி ஒரே இருட்டு. சிங்க்குக்கு அடியில் யாரோ சுருண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

"ஆஸிஃபா! கையும் களவுமா மாட்டினியா?"

"இன்னாங்க, கூப்ட்டீங்களா?" என்று ஆஸிஃபாவின் குரல் அவனுக்குப் பின்னால், வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

ஷஃபி திகைத்து நின்றான். சிங்க்குக்கு அடியில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"கதவச் சாத்துடா. உங்கம்மா பாத்தா, அவளும் அழுவ ஆரம்பிச்சுடுவா."