எந்த யூனிட்டுண்ணே?

கதவைத் தட்டினார்கள். அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை.

இம்மானுவேல் அடுப்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு மனைவி கிருபாபாயைப் பார்த்தார். அவள் வண்டிக்குள் இருந்த கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் திரையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

இது கேரவனுக்குக் கடைசிப் பரீட்சை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் சொல்லிவிட்டார். பிளவக்கல் அணைப் பக்கம் போய் நிறுத்துவது, டீ போடுவது. குடித்து முடிக்கும்வரை யாரும் கதவைத் தட்டாவிட்டால் வண்டி நம்மோடு இருக்கும். தட்டினால் நாளைக் காலை மாரிச்சாமி வந்து ஓட்டிக்கொண்டு போவார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட அவருக்கு ஒரு கேரவன் வேண்டுமாம்.

கிருபாபாய் அதைக் கேட்டுக்கொண்டாள். தன் கைப்பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

இம்மானுவேலுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட். முப்பது வருடமாகத் தறிச் சத்தத்துக்குள்ளேயே கிடந்து, அந்த இரைச்சலில் மனைவி பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். சத்தமே இல்லாத ஓரிடத்தில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டம்ளர் டீ குடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த இந்த வண்டி. வாங்கி நாலு வருடமாகிறது. அந்த டீயை இன்னும் குடித்தபாடில்லை.

காரணம் வேறொன்றுமில்லை. நம் சனங்களுக்குக் கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்க வேண்டும். நடிகர் இல்லாவிட்டால் நடிகை. சும்மா டீ குடிக்க ஒருத்தர் கேரவன் வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்?

குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் ஈரத்துணியோடு வந்து சுற்றி நின்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்திய ஐந்தாவது நிமிடம் தேரோட்டக் கூட்டம் கூடிவிட்டது. "உள்ள யாருமே இல்லய்யா" என்று இவர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே கும்பல் விசிலடித்துக் கைதட்டியது. இரண்டு ஊரிலும் அப்படித்தான். ஏன் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுபடியும் தட்டினார்கள். திறந்தார்.

இருபது பேர் இருக்கும். பின்னால் இன்னும் பைக்குகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் நின்ற மீசைக்காரர் மரியாதையாகத் துண்டை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"எந்த யூனிட்டுண்ணே?"

"பேண்டேஜ் யூனிட்டுய்யா."

"ஏலே, சண்டைப் படம்லே!" என்று மீசைக்காரர் பின்னால் திரும்பிக் கூவினார். ஒரே ஆரவாரம்.

இம்மானுவேல் தலையில் அடித்துக்கொண்டார். "படமும் இல்ல, மண்ணும் இல்ல. உள்ள இருக்கது என் பொண்டாட்டி!"

"பாவம், டிரைவரண்ணன். அப்படித்தான் சொல்லணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்திருப்பாக" என்றாள், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்.

டிரைவராம். சொந்த வண்டியில் சொந்த மனைவியோடு வந்த மனுசனைப் பார்த்து டிரைவராம். அவருக்கு வெறுத்தே போய்விட்டது. மாரிச்சாமியே கொண்டுபோகட்டும். இனிச் சாகிறவரை தறிப் பக்கத்திலேயே நின்று டீ குடிப்போம் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கும்பல் விசிலடித்தது.

ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் பக்கத்து ஜன்னலில் இருந்தது. அவர் படியில் நின்றபடியே உள்ளே திரும்பிப் பார்த்தார்.

கிருபாபாய் திரையை நாலு விரல் அளவுக்கு விலக்கி, கையை மட்டும் வெளியே நீட்டி மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதியை மறைக்கிற கூலிங்கிளாஸ். நேற்று இன்று வாங்கியது இல்லை. அதன் ஒரு பக்கக் காம்பு எப்போதோ ஒடிந்து, அவருடைய யூனிட் பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. துணியும் நன்றாகவே அழுக்கேறியிருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"வித்துராதீங்க. முப்பது வருசத்துல நம்ம வீட்டுக் கதவத் தட்டுனவுக அம்புட்டு பேரும் பேண்டேஜ் கேட்டுத்தான வந்தாக. என்னையப் பாக்கணும்னு யாரு வந்தா?"

தண்ணீர் கொதித்தது. அவர் தூளைப் போட்டார், சர்க்கரை போட்டார், பாலை ஊற்றினார். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கி, கதவுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றார்.

"மேடம் டீ குடிக்காங்க. செத்த நேரம் யாரும் மூச்சுக் காட்டப்படாது."

கும்பல் கப்சிப் என்றாகிவிட்டது. மீசைக்காரர் ஓடிப்போய் பைக்குகளை அணைக்கச் சொன்னார். இடுப்புப் பிள்ளை சிணுங்கியது. தாய் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

அணைத் தண்ணீர் கரையில் வந்து தட்டுகிற சத்தம் இம்மானுவேலுக்குக் கேட்டது. மலைப் பக்கம் ஏதோ ஒரு பறவை கத்தியதும் கேட்டது. நாலு வருடமாகத் தேடிய இடம் இதுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மாரிச்சாமி வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும்.

தலைக்கு மேல் ஜன்னல் திறந்தது. வளையல் போட்ட கை ஆவி பறக்கிற டம்ளரை நீட்டியது. அணைக்கட்டே கேட்கும்படி மேடம் சொன்னாள்.

"இந்தாங்க டிரைவரண்ணே, டீ."