கேட்டைத் திறந்தது யார்

1946 மார்ச் 12, செவ்வாய்.

இன்று லாரியில் கதவோரம் உட்கார்ந்தது என் தவறு. எங்கள் ஊர் வழக்கப்படி கதவோரம் இருப்பவர்தான் இறங்கிப் பண்ணை கேட்டைத் திறந்து மூட வேண்டும்.

போரில் ராணுவ லாரி ஓட்டித் திரும்பிய அண்ணன் வெர்னன் முறைத்தான். "நடுவுல நகந்து உக்காரு மேவிஸ். அது பெர்ட்டோட இடம்."

"உன்கூட லாரில போன பெர்ட்டயா? அவன டொப்ருக் போர்க்களத்துல புதைச்சுட்டேன்னு நீதான சொன்ன?"

"ஆமா, புதைச்சேன். உனக்கு இறங்கி கேட் திறக்கச் சோம்பல், கேள்விக்கு மட்டும் குறைச்சலில்ல."

இப்படிப் பேசுவதால்தான் அவனை மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று பார்க்க டாக்டர் வருகிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள்.

நான் நடுவில் நகர்ந்தேன். கேட்டருகே லாரி நின்றது. நாங்கள் இருவரும் இறங்கவில்லை. என் பக்கத்துக் கதவு திறந்து மூடியது. கேட்டின் சங்கிலி கழன்றது, கேட் விலகியது. நாங்கள் உள்ளே போனதும் அது சாத்திக்கொண்டது, சங்கிலியும் மாட்டிக்கொண்டது.

பார்த்ததை மட்டும் எழுதச் சொல்கிறார் மாலை வகுப்பு ஆசிரியை. காற்று என்று எழுதி, அடித்துவிட்டேன். காற்றால் சங்கிலியை மறுபடி மாட்ட முடியாது.

லாரிக் கதவு மறுபடி திறந்தது. என் பக்கத்தில் இருக்கை மெல்ல அழுந்தியது. அண்ணன் கியரை மாற்றினான்.

நாளை காலை டாக்டரிடம், அண்ணனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்.