யாருமில்லாதவருக்கு முந்நூறு பேர்

"மகள் ஒருத்தி இருக்கா. இங்கேருந்து கார்ல முக்கால் மணி நேரம். பெத்த அப்பன் உடம்பை வந்து வாங்கலே பாத்தியா" என்றார் ஆர்லோ, மயான வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டே.

டெல்பர்ட் ஹெல்மெட்டைக் கழற்றினார். "யாருமே இல்லாதவர்னுதானே பேஸ்புக்ல போட்டிருந்துது?"

"போட்டவங்களுக்கு என்ன தெரியும்? சர்ச்சுல வியாழக்கிழமை இலவசச் சாப்பாட்டுக்கு வருவான் ராய்ஸ். சூப் ஊத்தறது நான். கிண்ணத்தை நீட்டறதுக்கு முன்னாடி போட்டோவை நீட்டுவான். என் பொண்ணு, பள்ளிக்கூட பஸ் ஓட்டறாம்பான்."

"அப்போ வீட்டுல வச்சுக்கலையாக்கும்?"

"அதுக்கு அவளைக் குத்தம் சொல்ல முடியாது. வியட்நாம் சண்டையிலேருந்து திரும்பி வந்ததுலேருந்து இவனுக்குக் கூரைக்குக் கீழே தூக்கம் வராது. பாலத்துக்கு அடியிலதான் வாசம். அது வேற விஷயம்யா. செத்ததுக்கப்புறமாவது வந்து நிக்க வேண்டாமா?"

ராணுவ மயானத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. ராய்ஸ் டட்டிலை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. உடலைக் கேட்டு வர ஆளில்லாத படைவீரர், வழியனுப்ப வாருங்கள் என்று அறிவிப்பு வந்தால் இந்தப் பக்கத்து ஜனங்கள் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டிகூட வந்திருந்தது.

மாநிலச் சட்டசபையின் செனட்டர் ஹோல்கிரன் பேசினார்.

"ராய்ஸுக்குக் குடும்பம் இல்லேன்னாங்க. இதோ நிக்குதே, இதுதான் அவர் குடும்பம். நம்ம மாநிலத்துல எந்தச் சிப்பாயும் தனியாப் போக மாட்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. அவருடைய அப்பாவும் இதே மயானத்தில்தான் இருக்கிறார்.

துப்பாக்கிகள் மூன்று முறை வெடித்தன. ராணுவ ஊதுகொம்பு ஒலித்தது. தலையைக் குனிந்திருந்த ஆர்லோ நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தார். தீயணைப்பு வண்டியை ஒட்டி, பச்சை ஜாக்கெட்டில், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு பெண்.

"யோவ், அவதான்யா. போட்டோல இருந்த அதே மூஞ்சி."

டெல்பர்ட் தடுப்பதற்குள் ஆர்லோ அவளிடம் போய்விட்டார்.

"ராய்ஸ் உனக்கு என்னம்மா வேணும்?"

"எனக்குத் தெரியாதுங்க. அறிவிப்பைப் பாத்தேன். வந்தேன்."

"பள்ளிக்கூட பஸ் ஓட்டறேதானே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஊரார் முந்நூறு பேர் குளிர்ல நிக்கறாங்க. பெத்த பொண்ணு ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறியா? பெட்டிமேல போர்த்தியிருக்கற கொடியை இப்போ சொந்தக்காரங்ககிட்டே கொடுப்பாங்க. போய்க் கையை நீட்டி வாங்கு. இல்லேன்னா நானே சத்தம் போட்டுச் சொல்லுவேன்."

"வேண்டாம் ஐயா. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஏன், பாலத்தடியில படுத்தவனை அப்பான்னு சொல்ல வெக்கமா இருக்கோ?"

யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். வெர்னா. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அதிகாரி. இந்த அடக்கத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்தவள். ஆர்லோவை வண்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். அவர் காதில் அவள் சொன்னதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆர்லோ திரும்பி வந்தபோது, பெட்டிமேல் விரித்திருந்த கொடியை இரண்டு சிப்பாய்கள் மடித்து முடித்திருந்தார்கள். ராணுவ அதிகாரி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கொடியைப் பெற்றுக்கொள்ள உறவினர் எவரேனும் இருக்கிறீர்களா?"

பச்சை ஜாக்கெட் பெண் ஆர்லோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருமில்லே" என்று கத்தினார் ஆர்லோ. "வாராவாரம் அவனுக்குச் சாப்பாடு போட்டவன் நான். எனக்குத் தெரியும். நாதியில்லாதவன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று செனட்டர் முன்னே வந்தார். கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தன் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாகச் சொன்னார். செல்போன்கள் உயர்ந்தன.

பிறகு வரிசையாக எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். அந்தப் பெண்ணின் முன் நின்றார்.

"முன்னே பின்னே தெரியாத ஒருத்தருக்காக வந்து அழறீங்களேம்மா. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த மாநிலம் நிக்குது."

"நன்றிங்க" என்றாள் அவள். அவர் கக்கத்தில் இருந்த கொடியின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். கூட்ட நெரிசலில் பட்டதுபோல்தான் இருந்தது.

செனட்டர் தன் காரை நோக்கி நடந்தார். டெல்பர்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, அவதான் மகள்னு அந்தக் குதி குதிச்சே. அப்புறம் நாதியே இல்லேங்கறே. என்ன கூத்து இது?"

"மெதுவாப் பேசு. மகள்னு அவ கையெழுத்துப் போட்டா பெட்டி, வண்டி, அடக்கம் எல்லாச் செலவும் அவ தலையில. யாருமில்லாதவனுக்குத்தான் எல்லாம் இலவசம். போடாதேன்னு சொல்லிக் கொடுத்ததே வெர்னாதான்."

"ஏழைக் குடும்பத்துக்கு மாநிலம் உதவி கொடுத்துட்டிருந்துதே?"

"போன பட்ஜெட்ல வெட்டிட்டாங்க."

"எந்தப் புண்ணியவான்?"

ஆர்லோ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"கொடியை எடுத்துட்டுப் போறாரே, அவருதான்."