பிஸ்டனில் இரண்டு கோடு

இது நான் நேரில் பார்த்ததல்ல. ராசிபுரம் பஸ்ஸில் தினமும் பக்கத்து சீட்டில் வரும் மணிமாறன் சொன்னது. கோபமாகச் சொன்னதால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

மணிமாறனின் நண்பன் நந்தகுமாருக்கு மரம் அறுப்பதுதான் தொழில். காய்ந்துபோன நாற்பது தென்னைகளை அறுக்கும் வேலை திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அதற்கு அவனுடைய பழைய அறுப்பு மெஷின் தாங்காது. அதை விற்றால்தான் பெரிய மெஷின் வாங்க முடியும்.

"எஞ்சின் பக்கா" என்று நந்தகுமார் பெயரில் போனில் விளம்பரம் போட்டது மணிமாறன்.

சனிக்கிழமை காலை நந்தகுமார் வீட்டுக்கு ஒருவர் வந்தார். பெயர் வேலுமணி, ஊர் சேந்தமங்கலம். முப்பது வருடம் லாரி ஓட்டியவராம்.

"எத்தன மரமுங்க அறுக்கோணும்?" என்று மணிமாறன் பேச்சுக் கொடுத்தான்.

"அது இருக்கட்டுமுங்க. மொதல்ல மெஷினக் காட்டுங்க."

ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிற்றின் பிடியைப் பிடித்து, வேலுமணி மெஷினைத் தொங்கவிட்டார். எஞ்சின் தேய்ந்திருந்தால் மெஷின் சட்டென்று கீழே இறங்கிவிடும். இது விட்டு விட்டு மெதுவாக இறங்கியது.

மணிமாறனுக்கு ஆச்சரியமே இல்லை. காலையில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி வைத்ததே அவன்தான். அப்படிச் செய்தால் தேய்ந்த எஞ்சினும் கொஞ்ச நேரம் இறுக்கமாக இருக்கும்.

வேலுமணி பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தார்.

"ஏனுங்க தம்பி, பிளக்கு எண்ண தேச்சுக் குளிச்சிட்டு வந்தாப்புல இருக்குது?"

"சனிக்கிழமைங்களே" என்றான் மணிமாறன்.

அவர் சிரிக்கவில்லை. சைலன்சரைக் கழற்றிவிட்டு, செல்போன் லைட்டை அடித்து உள்ளே பார்த்தார். பிஸ்டனில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு.

"இது என்னுங்க?"

"அது கம்பெனி டிசைனுங்க. புது மெஷினுக்கே அப்படித்தான் வரும்" என்றான் மணிமாறன்.

"நான் உங்களக் கேக்கல. மெஷின்காரரு சொல்லட்டும்."

நந்தகுமார் தலையைச் சொறிந்தான்.

"டிசைன் இல்லீங்க. ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல ஊத்தி ஓட்டிட்டேனுங்க. அதுல உழுந்த கோடு. காலையில பிளக் ஓட்டையில ஆயில் ஊத்தினதும் நெசந்தானுங்க."

"பெட்ரோல் ஊத்தினது யாரு? வேலைக்கு வந்த ஆளா?"

"இல்லீங்க, நாந்தான்."

"ஊட்ல சொன்னீங்களா?"

"அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேனுங்க. ரெண்டு நாளு எங்கூடப் பேசல."

"மெஷினு ஸ்டார்ட் ஆவலீன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு டீ குடிச்சிட்டு வந்து மறுபடி இழுப்பேனுங்க."

"எட்டி ஒதைக்க மாட்டீங்களா?"

"மெஷின எதுக்குங்க ஒதைக்கறது? ஆயில் ஊத்தாதது நானு."

மணிமாறனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, மெஷினு வாங்க வந்தீங்களா, விசாரணைக் கமிஷனா?"

வேலுமணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள், வேலை முடிந்ததும் சேக்காளிகளோடு எங்கே உட்காருவீர்கள், அம்மாவின் மருந்து மாத்திரையை யார் வாங்கி வருவது என்று மேலும் ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு சைலன்சரை அவரே மாட்டி, போல்ட்டை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொம்பு மோர் குடித்தார்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

போய்விட்டார்.

"உம்பட வாயில ஒரு போல்ட்டப் போட்டு முடுக்கோணும்டா!" என்று மணிமாறன் கத்தினான். "இப்படிப் பேசினா மெஷினும் போவாது, உனக்குப் பொண்ணும் கெடைக்காது. தரகர்கிட்ட ஜாதகம் குடுத்து ரெண்டு வருசமாச்சு!"

வேலுமணி கூப்பிடவே இல்லை. நந்தகுமார் பழைய மெஷினை அரை மணிக்கு ஒரு தரம் ஆறவிட்டு, ஆறவிட்டு, தென்னைகளை அறுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கற எண்ணமே இல்லாத ஆளுங்க அது. ஏழப்பட்டவன் பொழப்புல அரை நாள வீணடிச்சுட்டுப் போயிட்டான்" என்று மணிமாறன் முடித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதை எழுத உட்கார்ந்தபோது பயம் வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒருவரைத் திட்டி எழுதலாமா? ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் பஸ் ஏறினேன்.

வேலுமணி வீட்டைச் சுற்றிலும் சிமெண்ட் தளம். தொட்டியில் ஒரு துளசி. வெட்டுவதற்கு ஒரு முருங்கைகூட இல்லை.

"மெஷின ஏனுங்க வாங்கல?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏதுங்க மரம்?" என்றார். "எனக்கு இருக்கறது ஒரே ஒரு பொண்ணுதானுங்க. தரகரக் கேட்டா எல்லா மாப்பிள்ளையும் தங்கம்ங்கறாரு. நாமதான கழட்டிப் பாக்கோணும்?"

உள்ளே பார்த்து, "தமிழினி, அந்தத் தாள எடுத்துட்டு வா சாமி" என்றார்.

அவர் மகள் ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போனாள். மேலே நந்தகுமார் என்று பெயர். மூலையில் ஒட்டியிருந்த படத்தில், கையில் மெஷினோடு அவன்.

அதன் பின்பக்கம் இரண்டு வரி எழுதியிருந்தது. இரண்டையும் நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வரி வேலுமணியின் கையெழுத்து: "எஞ்சினில் கோடு உண்டு. பையன் சரி."

அதற்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்து: "ஆயிலை நான் பார்த்துக்கொள்கிறேன்."