மாட்டுக்கு ஒரு மெத்தை

மகளின் பிரசவத்துக்கு அம்மா வந்து தங்கியதிலிருந்து, விடிந்தால் இந்தக் கச்சேரிதான். ஊரிலிருந்து அப்பா போன் செய்வார், அம்மா பிடித்துக்கொள்வாள்.

“மாட்டுக்கு ரப்பர் மெத்தையா? நம்ம மெத்தையில பஞ்சு பிதுங்கித் தொங்குது, அதுக்கு வழியக் காணோம்!”

“சொகுசா படுத்தாத்தானே பால் கூடும்?” ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் குழைந்தது.

“கூடும், கூடும்! பால்ல வர்ற காசையெல்லாம் மாட்டுக்கே கொட்டிட்டு, நாம என்ன வைக்கோலா திங்கறது?”

குழந்தையைத் தோளில் போட்டிருந்த மகளுக்குப் பொறுக்கவில்லை. “போதும்மா. அப்பா பாவம், தனியா மாட்டோட மாரடிக்கிறார். ஒரு மெத்தை வாங்கினதுக்கா இந்தப் பாட்டு?”

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். “என்னங்க, வாளி நிறைஞ்சுதா?”

“முக்கால் வாளிதான். நீ நிறுத்தினதும் செவலைப் பசு பாலை அடக்கிக்கிச்சு. போனை அது கொம்புலதான் கட்டியிருக்கேன்.”

மகள் விழித்தாள்.

“தினமும் உங்கப்பாவைத் திட்டிக்கிட்டேதானே கறப்பேன்? அந்தச் சத்தம் கேட்டாத்தான் அந்த மகராசி பால் விடுவா” என்றாள் அம்மா.

“அப்போ மெத்தை?”

“நான்தான் போன மாசம் வாங்கிப் போட்டேன். அன்னைக்கு இவர் குதிச்ச குதி இருக்கே!”

அப்பா தொண்டையைச் செருமினார். “அது வீண் செலவுதான்னு இப்பவும் சொல்வேன்.”

“என்னது, வீண் செலவா?” அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“வருது, வருது! நிறுத்திடாதே!” என்றார் அப்பா.