சாம்பியனின் மூக்கு

"மெடல் ஒண்ணாவது உண்டா மக்கா?"

கிளப் செயலாளர் ஈசாக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். நார்பர்ட் இல்லை என்று தலையாட்டினான்.

"சர்டிபிகேட்டு?"

"அதும் இல்ல மாமா."

"பின்னே எப்படிப் பேரை எழுத? ஸ்டேட் மெடல் ஒண்ணாவது இருந்தாத்தான் கோச்சுன்னு வைக்க முடியும். ரூலாக்கும்."

காரோடு கிராமத்தில் கிளப்காரர்கள் குத்துச்சண்டைப் பயிற்சி மையம் ஒன்று தொடங்குகிறார்கள். அன்று சாயங்காலம் திறப்பு விழா. அங்கே கோச் வேலை கிடைத்தால் செங்கல் சுமப்பதை விட்டுவிடலாம் என்று ஒரு மாதமாக நார்பர்ட் ஈசாக்கின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். குத்துவதைத் தவிர அவனுக்கு உருப்படியாக வேறு எதுவும் தெரியாது.

"நான் புரொபஷனல்ல நாலு ஃபைட்டு பண்ணியிருக்கேன் மாமா."

"நாலுலயும் அடி வாங்கினது ஊருக்கே தெரியும். உனக்க மூக்கைப் பாத்தாலே போதும், சர்டிபிகேட்டு வேண்டாம்." ஈசாக் சிரித்தார். "உனக்க தம்பியைப் பாரு. மூணு வருஷத்தில அஞ்சு மெடலு. மூக்கில ஒரு கீறல் உண்டா? மேல ஒரு அடி விழாம ஜெயிக்கணும். அதாக்கும் சாம்பியன்."

நார்பர்ட் தன் நெளிந்த மூக்கைத் தடவிக்கொண்டான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் பாறசாலையில் கோச் பொன்னுதாஸிடம் பெயர் கொடுத்தார்கள். கொல்லம், கண்ணூர் என்று போட்டி நடந்த ஊருக்கெல்லாம் ஒன்றாகவே ரயிலேறினார்கள். திரும்பி வரும்போது மெடல் தம்பி டிக்சனின் கழுத்தில் தொங்கும். தலைக்கவசம் போட்ட படத்தோடு 'காரோடு டிக்சனுக்குத் தங்கம்' என்று பேப்பரில் வரும். அந்த மெடல்களைக் காட்டித்தான் டிக்சனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைத்தது. நார்பர்ட் கையில் ஒரு மெடலும் இல்லாமல் பெங்களூருக்குப் போய், நேராகப் புரொபஷனல் ரிங்கில் ஏறினான். நான்காவது சண்டையில் வலது மணிக்கட்டு உடைந்தது. அதோடு ஊர் திரும்பினான்.

"தம்பி வரட்டும் மாமா. அவன் ஒரு வார்த்தை சொன்னா நீங்க கேப்பியளா?"

"சாம்பியன் சொன்னா கேக்காம இருப்பனா?"

நார்பர்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி சொல்வான். யார் சொல்லாவிட்டாலும் அவன் சொல்வான்.

சாயங்காலம் விழாவுக்கு டிக்சன் காரில் வந்து இறங்கினான். மாலை போட்டு மேடைக்கு அழைத்துப்போகும் வழியிலேயே ஈசாக் விஷயத்தைச் சொன்னார். டிக்சன் அண்ணனைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதானே மாமா. சர்டிபிகேட்டு இல்லாத ஆளை வச்சா நாளைக்கு எனக்கும் பேச்சு வரும். வேணும்னா கிளவுஸ் எடுத்து வைக்க, தரை பெருக்க அண்ணன் நிக்கட்டும்."

நார்பர்ட் அவர்கள் பின்னாலேயே மேடையேறினான். மைக் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் முன்வரிசையில் அம்மா மார்கிரெட் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் மைக்கை விட்டு விலகி நின்றான்.

"சாம்பியன் நாலு குத்து குத்திக் காட்டணும்" என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுக்க, எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

ஈசாக் கிளவுஸை நார்பர்ட்டிடம் நீட்டினார். "எலே, தம்பிக்கு மாட்டிவிடு. உனக்க வேலை இன்னைக்கே தொடங்கட்டும்."

நார்பர்ட் மேடையில் தம்பியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையில் சுற்றும் துணிப்பட்டையைப் பிரித்தான். டிக்சன் விரல்களை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

"விரிச்சு வை" என்றான் நார்பர்ட்.

விரித்தான். உள்ளங்கை வியர்த்திருந்தது. நார்பர்ட் பட்டையைச் சுற்றி முடித்து, கிளவுஸை மாட்டிக் கட்டினான். விசில் பறந்தது. டிக்சன் குனிந்து அண்ணனின் காதருகே வந்தான்.

"அண்ணா, எந்தக் காலு முன்னால நிக்கணும்?"

"இடது காலு" என்றான் நார்பர்ட், தனக்குப் போட்டிக்கான வயது வரம்பு தாண்டிவிட்டதால் தம்பியின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ரிங்கில் ஏறி, டிக்சன் என்ற பெயரில் அந்த ஐந்து மெடல்களையும் மூக்கு உடைபட ஜெயித்துக் கொடுத்தவன்.