நாற்பதாவது ரேங்க்

“ஆன்ட்டி, நீங்க எதுல ஃபெயில்?”

எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அவள் முதன்முதலாக உட்கார்ந்தபோது, முன்னால் இருந்த பெண் திரும்பி அப்படித்தான் கேட்டாள். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த மகள் மட்டும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் கொண்டுவந்த விதி அது. மாதப் பரீட்சையில் யார் கடைசி ரேங்க்கோ, அந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் முழுக்க வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும்.

“வீட்டுல கவனிச்சா பிள்ளை ஏன் பின்தங்குது?” என்று பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக் கேட்டார் தலைமை ஆசிரியை. “என் பொண்ணும் இங்க எட்டாவதுதான் படிக்கிறா. யாருக்கும் சலுகை கிடையாது. ரூல்னா ரூல்தான்.” எல்லோரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள்.

மூன்று மாதம், மூன்று நாள் உட்கார்ந்தாயிற்று. நான்காவது கடிதம் நேற்று வந்தது. அவளுக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. மத்தியான ட்ரிப்பை முடித்த கையோடு, டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தாள்.

“உங்களை நாளைக்குத்தானேம்மா வரச் சொன்னது?”

“உக்கார வரல மேடம். பொண்ணுக்கு டிசி வாங்க வந்தேன்.”

தலைமை ஆசிரியையின் பேனா நின்றது. “முதல்ல உக்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினார். டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். டீ சொல்லி அனுப்பினார். மூன்று மாதமும் அவளை நிற்க வைத்தே பேசியவர் அவர்.

“அவசரப்படாதீங்க. பொண்ணு நல்ல பொண்ணு. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.”

“எழுபத்திரண்டு சதவீதம் வாங்குற பொண்ணு மேடம். மந்தமா?”

“மத்த இடத்துல அது நல்ல மார்க்தான். எங்க ஸ்டாண்டர்டுக்கு நாப்பதாவது ரேங்க்.”

“நாப்பது பேர் இருக்கிற கிளாஸ்ல யாராவது ஒருத்தர் நாப்பதாவதா இருந்துதானே ஆகணும்? எங்க பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்தவங்களும் அதே நேரத்துக்குத்தான் போய் இறங்குறாங்க. அதுக்காக அவங்க அம்மாவைக் கூப்பிட்டு நான் நிக்க வைக்கிறதில்ல.”

ரேங்க் பட்டியலோடு கதவோரம் நின்றிருந்த கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டார்.

“தமாஷ் பேசுற நேரமாம்மா இது? பிள்ளையோட எதிர்காலம்!”

“அதுக்குத்தான் வந்தேன். நேத்து உங்க லெட்டரைப் பாத்ததும் புஸ்தகத்தை எல்லாம் பையில அள்ளிப் போட்டு பரண்ல ஏத்திட்டா. ‘நீ அங்க வந்து உக்காரவும் வேணாம், நான் படிக்கவும் வேணாம்’கிறா. அவ படிப்பை நிறுத்துறதுக்குள்ள நான் இந்த ஸ்கூலை நிறுத்திக்கிறேன். அடுத்த தெரு ஸ்கூல்ல ஒரு இடம் இருக்கு. நாலு மணிக்குள்ள டிசியோட வரச் சொன்னாங்க.”

தலைமை ஆசிரியை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நாளைக்கு நீங்க வர வேணாம். உக்காந்ததா நானே எழுதிக்கிறேன். போதுமா?”

“அப்ப அந்த ரூலை எடுத்துட்டீங்களா?”

“அதெப்படி எடுக்க முடியும்? ஊரெல்லாம் சொல்லியாச்சு. உங்களுக்கு மட்டும்.”

“எனக்கு மட்டும்னா வேணாம் மேடம்.”

“சாயங்காலம் பொண்ணை என் வீட்டுக்கு அனுப்புங்க. நானே சொல்லித் தர்றேன். பரீட்சை முடியிற வரைக்கும் இருக்கட்டுமே. ஒரு ரெண்டு மாசம்... ஒரு மாசமாவது!”

அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது. ஒரு பிள்ளையை இழக்க இவ்வளவு வருத்தப்படுகிற பள்ளிக்கூடமா என்று யாருக்கும் மனசு இளகிவிடும். அவளுக்கு இளகவில்லை. டிக்கெட் பையிலிருந்து மகளின் ஸ்கூல் டைரியை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

“பதினாலாம் பக்கம். பெற்றோர் எழுதிக் கேட்டால் அன்றைக்கே டிசி வழங்கப்படும். நீங்க அச்சடிச்சதுதான். காலையிலேயே எழுதிக் குடுத்துட்டேன். கிளார்க் சார்கிட்ட தயாரா இருக்கு, கையெழுத்துதான் பாக்கி.”

கிளார்க் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். தலைமை ஆசிரியை அதை இரண்டு தடவை படித்தார். பேனா எழுதவில்லை என்று உதறினார். பேனாவில் மை இருந்தது. அவள் தன் பேனாவை எடுத்து நீட்டினாள். வேறு வழியில்லாமல் கையெழுத்து விழுந்தது. கிளார்க் முத்திரை குத்தினார்.

“அப்படி என்ன பிடிவாதம் உங்களுக்கு? இதனால யாருக்கு என்ன லாபம்?”

அவள் தலைமை ஆசிரியையின் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். குடிக்காத டீயை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். டிசியைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வெளியேறினாள்.

கிளார்க் ரேங்க் பட்டியலை மேசையில் விரித்தார். ஸ்கேலை வைத்து நாற்பதாவது பெயரை அடித்தார். அதற்கு மேலே இருந்த பெயரில் அவர் கை அப்படியே நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேடம், நாளைக்குக் கடைசி பெஞ்சுல உக்காரச் சொல்லி அனுப்புற லெட்டரை... உங்க பேருக்கே அடிச்சிடவா?”